யார் பெயரில் ஓடுகிறது

டக். அவ்வளவுதான். தகரத்தை நகத்தால் ஒரே ஒரு தடவை சுண்டிவிட்டு விரலை எடுத்துக்கொண்டதுபோல. எஸ்தெல் இப்போதுதான் தூங்கினாள், அவளுடைய ஒரு கை இன்னும் என் நைட்டியின் பொத்தானைப் பிடித்திருக்கிறது, நான் அசைந்தால் எட்டு மாதக் கோபம் முழுவதையும் சேர்த்து முழித்துவிடுவாள். பல்லியாக இருக்கும். பல்லி இப்படி ஒற்றையாய்ச் சொல்லாது, அதற்கு ஒரு கோர்வை உண்டு, நாலைந்து தடவை சொல்லிவிட்டுத்தான் ஓயும். ஜன்னல் கொக்கியாக இருக்கலாம், ஆனால் அதை ஆட்டக் காற்று வேண்டுமே, இரண்டு நாளாகத் தூத்துக்குடியில் ஒரு இலை அசையவில்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்ததிலிருந்து நாங்கள் மூன்று பேரும் விசிறியும் கையுமாகக் கிடந்தோம், இன்வெர்ட்டர் முதல் நாள் மதியமே கையை விரித்துவிட்டது, இன்று சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. டக். மறுபடியும். மேலே, சுவர்ப் பக்கம். திருடனா. கேட் பூட்டியிருக்கிறது, நான்தான் பூட்டினேன், பூட்டியதை இழுத்தும் பார்த்தேன், பார்த்தேனா, நேற்று இழுத்தது நினைவிருக்கிறது, இன்றைக்கு எஸ்தெல் இடுப்பில் இருந்தாள், ஒரு கையால் பூட்டை எப்படி இழுத்திருப்பேன். எண்ணுவோம். பயம் வந்தால் எண்ண வேண்டும், கான்வென்ட் ஹாஸ்டலில் நானே கண்டுபிடித்த வைத்தியம் அது. ஒன்று, இரண்டு. பதினெட்டில் தெருவில் ஒரு பைக் போனது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. டக். இன்னொரு முறை எண்ணினேன். அதே முப்பது. திருடன் கடிகாரம் பார்த்துத் தட்ட மாட்டான், பேய்கூட இவ்வளவு ஒழுங்காக வராது. இந்த ஒழுங்கு எனக்குப் பழக்கமானது, சென்னையில் இரண்டரை வருஷம் இதோடுதான் சம்பளத்துக்குக் குடும்பம் நடத்தினேன். ஏதோ ஒரு மெஷின், செய்த காரியம் முடியாமல் போய், முப்பது விநாடி பொறுத்து, மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. ஆனால் இந்த அறையில் மெஷின் என்று என்ன இருக்கிறது. ஃபேன் இருக்கிறது. என் போன் இருக்கிறது. எஸ்தெலின் தலைக்கு மேலே சுவரில், அவள் அப்பா ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன முயல் விளக்கு இருக்கிறது, இருட்டில் அவள் பயப்படக் கூடாதென்று.

போன் அதிர்ந்தது. அது யார் என்று பார்ப்பதற்கு முன்பே என் தோள் இரண்டும் உள்வாங்கிக்கொண்டன, எப்போதிலிருந்து என் தோள்கள் இப்படி ஆயின. அவர்தான், கிளாட்சன், என் கணவர், சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீர்மேல். கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதாம், அதனால் சிக்னல். வாய்ஸ் மெசேஜ் வரிசையாக. ஒலியைக் குறைத்துக் காதோடு ஒட்டிக் கேட்டேன். "ஜோஸ்லின், முழிச்சிருக்கியா? கேமரா ஆப்புல ரெண்டு நாளா ஒண்ணும் ஏறல. கரண்ட் வந்துட்டுன்னு அம்மா சொன்னாங்க. சர்வீஸ் எந்திரிக்கல போல, என்னன்னு பாரு." அடுத்தது. "இங்க கப்பல் வைஃபைல இருந்து உள்ள நுழைய விடமாட்டேங்கான். விடியக்காலம் நங்கூரம் தூக்கிட்டா பன்னெண்டு நாளைக்கு சிக்னல் கிடையாது பாத்துக்க. இன்னைக்கே முடிச்சிரு. நீதான பெரிய சர்வர் ஆளு." கடைசி வாக்கியத்தில் ஒரு சிரிப்பு. மூன்றாவது மெசேஜில் ரூட் பாஸ்வேர்டு, அதாவது அந்த மெஷினில் எதையும் செய்ய உரிமையுள்ள ஒரே பெயரின் சாவி. போன விடுமுறையில் நான் அதைக் கேட்டபோது, "உனக்கு எதுக்கு அதெல்லாம், பிள்ளையப் பாரு" என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு நானூறு சர்வர்களை ராத்திரியும் பகலும் காவல் காத்தவள், அதெல்லாம் என்பது எதெல்லாம் என்று கேட்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தேன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா. ஜோசிமா, பிறகு எங்கள் கல்யாண வருஷம். நிச்சயம் செய்த புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றரை வருஷம் இருக்கும், கூப்பிடாவிட்டால் என்ன, உள்ளே போகும்போதெல்லாம் தட்டச்சு செய்திருக்கிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு பங்கு சந்தோஷம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எஸ்தெலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு பக்கமும் தலையணை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன், அறைக்குள் வைஃபை சரியாக எடுக்காது. டிவிக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர், கேமராக்களைப் பதிவு செய்கிற மெஷின் அதுதான், அதன் பச்சை விளக்கு. ஹால் மூலையில் கேமரா. கேட்டில் ஒன்று. "நான் இல்லாத வீடு, ரெண்டு பொம்பளைங்க, ஒரு கைப்பிள்ள, நாலு பேர் வந்து போற தெரு" என்றுதான் மாட்டினார், நியாயமாகத்தான் இருந்தது, என் அம்மாகூட மருமகனுடைய பொறுப்பை மெச்சிக்கொண்டாள். இன்று அதில் எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்தும் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அத்தையின் அறைக் கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு வெளிச்சம். கிளாட்சனின் அம்மா. செபம் முடிந்திருக்காது. ஐந்து மாதமாக எங்களுக்குள் பேச்சு என்பது, சோறு வெந்துட்டு, பால்காரன் வந்தான், இவ்வளவுதான். அதை இப்போது நினைக்க வேண்டாம். வேலையைப் பார். ஜோசிமா என்று தட்டினேன், உள்ளே விட்டது.

விஷயம் ரொம்பச் சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த மாதிரித் தகராறுகள் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு புரோகிராமை நாமே உட்கார்ந்து கையால் ஓட்டினால் அது நம் பெயரில் ஓடும், நமக்குத் திறக்கிற இடமெல்லாம் அதற்கும் திறக்கும். அதையே சர்வீஸ் ஆக்கிவிட்டால் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, மெஷின் எழுந்தால் அதுவும் எழுந்து, பின்னால் சத்தமில்லாமல் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். ஆனால் அப்போது அது வேறொரு பெயரில் ஓடும், வேலைக்கென்று வைத்த ஒரு பெயர், அந்தப் பெயருக்கு உரிமையில்லாத ஃபோல்டரில் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. யார் பெயரில் ஓடுகிறது, முதலில் அதைப் பார் ஜோஸ்லின், என்பார் எங்கள் டீம் லீட் சுதாகர். ரீபூட் பண்ணிப் பார்க்காத வேலையை முடிந்தது என்று என்னிடம் கொண்டுவராதே என்றும் சொல்வார், அதற்காகவே ஒருத்தனை ஒரு வாரம் டீ வாங்க விட்டார். கிளாட்சன் அதைத்தான் செய்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தவர் தன் பெயரில் கையால் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்றதும் திருப்தியாகி, சர்வீஸையும் எழுதி வைத்துவிட்டு, ஒரு தடவைகூட அணைத்துப் போட்டுப் பார்க்காமல் கப்பலேறிவிட்டார். கையால் ஓட்டியதே ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் இருந்ததால் மெஷின் அணையவே இல்லை. டிரான்ஸ்பார்மர் வெடித்தது, அணைந்தது, இன்று சாயங்காலம் எழுந்தபோது முதல் தடவையாக அந்த வேலைக்காரப் பெயர் எழுந்து வந்து, ஃபோல்டர் கதவைத் தட்டி, பெர்மிஷன் டினைட், அனுமதி இல்லை, திரும்பிப் போய், மறுபடி வந்து. பாவம். இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். ஒரு நிமிஷ வேலை. எனக்கு மனசுக்குள் பழைய ஒரு மிதப்பு வந்தது, என் ஐடி கார்டு, என் நாற்காலி, ராத்திரி ஷிப்டில் எல்லா விளக்கும் பச்சையாக மாறுகிற நேரத்துப் பசி.

ஒரு நிமிஷ வேலையை நான் ஏன் இன்னும் செய்யவில்லை. லாகைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது என்கிற பழக்கம், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. லாக் என்பது மெஷின் எழுதும் குறிப்பேடு, என்ன செய்யப் போனேன், என்ன நடந்தது, மணி விநாடியோடு. சிஸ்டர் பெர்னதெத் ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும், சிஸ்டர் படித்துவிட்டுத் தன் கையால் ஒட்டுவார். எட்டாம் வகுப்பில் எனக்கு வயிற்றுவலி என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றும். சிஸ்டர் கூப்பிட்டு அன்பாகத்தான் கேட்டார், இத எழுதினா அம்மா கவலைப்பட மாட்டாங்களா, வேற பேப்பர்ல அழகா எழுதிக் கொண்டு வா. அதிலிருந்து எழுதும்போதே சிஸ்டர் படிப்பார் என்று எழுதப் பழகினேன். நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது. பிறகு டைரியில்கூட அப்படித்தான் வந்தது. பிறகு நினைப்பதும். அதனால்தானோ என்னவோ கேமரா மாட்டியபோது எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை, காவல் சம்மனசானவர், கண்ணுக்குத் தெரியாத தேவதூதர், பக்கத்திலேயே நிற்கிறார் என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு ஹால் மூலையில் ஒன்று நின்றால் என்ன. என் அறை இருக்கிறதே, கதவைச் சாத்தினால் நானும் எஸ்தெலும். பால் கொடுக்கும்போது அவளிடம் எல்லாம் சொல்வேன். அவளுக்குத்தான் புரியாதே.

அதையும் அத்தை கேட்டார்களே. நினைக்க வேண்டாம் என்றால் மனசு அங்கேதான் போகிறது. ஜனவரி கடைசியில், எஸ்தெல் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, விளையாட்டாகத்தான், உங்க அப்பா வந்துட்டா நாம ரெண்டு பேரும் இப்படிப் பேச முடியாது, மூச்சு விடக்கூட கேட்டுக்கிடணும், என்று சொன்னேன். நாலு நாள் கழித்து போனில் அவர், "நான் வந்தா மூச்சு விட என்ட்ட கேக்கணுமாமே" என்றார், சிரிக்காமல். இன்னொரு நாள், "சென்னைல உன்கூட வேலை பாத்தவ போன் பண்ணா போல, திரும்ப வேலைக்குப் போறதப் பத்தி பெரிய பிளானு." நான் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டுகூட. வீட்டில் இருந்தது அத்தை மட்டும்தான். அன்று சாயங்காலம் சமையலறையில் அத்தை மீன் அரிந்துகொண்டிருந்தார்கள், நான் போய் நின்று, என் குரலா அது, ஒட்டுக் கேக்குறதுக்கு வெக்கமா இல்லையா அத்தை, கேட்டது பத்தாதுன்னு கப்பலுக்கு வேற அனுப்பணுமா, என்றேன். அத்தை அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார்கள். "நான் கேக்கலம்மா." அந்த ஒரு தடவைதான். பிறகு விளக்கம் சொல்லவில்லை, அழவில்லை, மகனிடம் முறையிட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் அறைப் பக்கம் வரும்போது பத்தடி தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவார்கள், செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, நான் வாரேன் நான் வாரேன் என்று. அந்த இருமல் எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது. நடிப்பு என்று நினைத்தேன். குழந்தையை அவர்கள் மடியில் விடுவதைக் குறைத்தேன். பேத்தியைத் தூக்கக் கை நீட்டுவார்கள், பால் குடிக்கிற நேரம் என்பேன், நீட்டிய கையால் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள்.

லாக் திறந்தது. கீழிருந்து படித்தேன், புதியது கீழே. 10:52:00, ஹால், எழுத முடியவில்லை, பெர்மிஷன் டினைட். அதே விநாடி, கேட், எழுத முடியவில்லை. அதே விநாடி, பெட்ரூம், ஒலி, எழுத முடியவில்லை. நின்றது. முப்பது விநாடியில் மறுபடி தொடங்கும் என்று ஒரு வரி. 10:52:30, ஹால், கேட், பெட்ரூம் ஒலி. நான் அந்த மூன்றாவது வரியை எத்தனை தடவை படித்தேன். பழைய வரியாக இருக்கும், ஆரம்பத்தில் வைத்துப் பிறகு எடுத்திருப்பார், எடுத்ததை இது மறக்கவில்லை, அப்படி நடக்கும். ஓடுகிற சர்வீஸ் தான் என்ன செய்கிறது என்று சொல்லாது, நன்றாக ஓடினால் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இருக்காது. மறுக்கப்பட்டால்தான் வாயைத் திறந்து இன்னின்ன இடத்தில் இன்னின்னதை எழுதப் போனேன் என்று பெயர் சொல்லி முறையிடும். எழுந்து லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அறை வாசலில் நின்றேன். திரையின் மூலையில் விநாடி ஓடியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. எஸ்தெல் உறக்கத்தில் சப்புக் கொட்டினாள். முப்பது. டக். சுவரிலிருந்து. முயலிலிருந்து. அடுத்த முப்பதுக்கும் நின்றேன், இன்னொரு முப்பதுக்கும். மைக் விழிக்கிறது, எழுத இடம் கேட்கிறது, இல்லை என்கிறார்கள், படுத்துக்கொள்கிறது. முயல் மஞ்சளாக, காது இரண்டையும் தூக்கிக்கொண்டு, என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அதை மாட்டின அன்று நாற்காலியில் ஏறி நின்று, வாயில் ஆணி, "சரியா இருக்கா, கோணலா இருக்கா" என்று கேட்டார், நான் கீழிருந்து கொஞ்சம் இடது கொஞ்சம் இடது என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

என்னவெல்லாம் பேசியிருப்பேன். அழுதது இருக்கும். எஸ்தெலுக்குப் பாடினது, அம்மாவிடம் நகை பற்றிப் பேசினது, கர்த்தரே எனக்குத் தைரியம் கொடும் என்று பிள்ளையின் வயிற்றில் முகத்தை வைத்துச் சொன்னது. கப்பலின் அடியில் எங்கோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு, காதில் ஹெட்போன், அந்தச் சின்ன அறை, அவருக்கும் தூக்கம் வராது, எனக்குத் தெரியும், ஒருநாள் சொன்னார், இஞ்சின் சத்தத்துல தூக்கம் வராது ஜோஸ், வீட்டு நினைப்பு வந்துட்டா விடிய விடிய முழிச்சிருப்பேன். அதற்காகவா. பிள்ளையின் மூச்சைக் கேட்கவா. அப்படி ஒரு நிமிஷம் நம்பிப் பார்த்தேன், நம்புவது எவ்வளவு சுகமாக இருந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே மாட்டியிருப்பேன், நானே பெர்மிஷனும் சரியாகப் போட்டுக் கொடுத்திருப்பேன், ராத்திரி அதன் பக்கத்தில் போய், கேக்குதா, உங்க மக குறட்டை விடுதா, என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லையே. மூச்சைக் கேட்டவர் மூச்சை விட்டுவிட்டு, நான் மூச்சைப் பற்றிச் சொன்னதைத்தான் எடுத்துவைத்துக்கொண்டார். பிறகு அத்தை. அரிவாள்மணை, மீன் செதில் ஒட்டின கை, நான் கேக்கலம்மா. ஐந்து மாதம். நூற்றைம்பது நாள் அந்த அம்மாள் தன் சொந்த வீட்டில் இருமிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தது அவருக்கும் கேட்டிருக்கும், ஹால் கேமராவில் தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை, அம்மா சொல்லல, எனக்கு வேற வழில தெரியும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். எனக்கு முயல்மேல் வந்ததைவிட அந்தச் சொல்லாத வார்த்தைமேல்தான் கோபம் வந்தது. கோபம்கூட இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது, அடி தட்டவில்லை.

போன் மேஜைமேல் அதிர்ந்தது. "என்ன, முடிஞ்சுதா? ரொம்ப யோசிக்காத. ஃபோல்டருக்கு 777 போட்டு விடு, யாரும் எழுதலாம்னு ஆயிரும், சோலி முடிஞ்சுது." எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிடுவது, சோம்பேறி வைத்தியம், சுதாகர் கேட்டிருந்தால் இவரையும் டீ வாங்க விட்டிருப்பார். அப்படிச் செய்யக் கூடாது, அந்த ஃபோல்டரை மட்டும் அந்த வேலைக்காரப் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும், ஒரே வரி, என்று நினைத்தேனா, பார்க்கிறேன், திரையில் அந்த வரி இருக்கிறது, என் விரல்கள் தட்டி முடித்திருக்கின்றன, பெயர், ஃபோல்டர், எல்லாம் சுத்தமாக, ஒரு எழுத்துப் பிழையில்லை. என்டர் மேல் சுண்டுவிரல். இரண்டரை வருஷப் பழக்கம், தகராறு என்று கண்டால் கை தானே போய்ச் சரிசெய்துவிடும், யாருக்காக, எதற்காக என்று கேட்காது. தட்டிவிட்டால் டக் சத்தம் நின்றுவிடும். காலையில் கெட்டிக்காரி என்று மெசேஜ் வரும். பன்னிரண்டு நாள் நிம்மதி. இனி அறைக்குள் கொஞ்சம் அளந்து பேசினால் போதும், எனக்குத்தான் அது பழக்கம் ஆயிற்றே, நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது. எஸ்தெலும் பழகிக்கொள்வாள். அந்த இடத்தில்தான் விரல் நின்றது. அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேச ஆரம்பிக்கவில்லை. அவளுடைய முதல் வார்த்தையே கேட்பதற்கு ஆள் வைத்த அறையில் வரப் போகிறது, அது வேறு பேப்பரில் அழகாக எழுதப்படும் வார்த்தையாகிவிடும். தட்டாவிட்டால். வீடு அவருடையது. மாதச் செலவு அவர் அனுப்புவது. பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் குரல், கத்தாது, ஒருநாளும் கத்தாது, மெதுவாக, "சொல்லு ஜோஸ்லின், ஏன் செய்யல" என்று, நான் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு. நான் இந்த வீட்டில் யார் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்து எழுத்தாக அழித்தேன். வேகமாக அழிக்கிற வழி உண்டு, அதைச் செய்யவில்லை, ஒவ்வொன்றாகப் போவதைப் பார்க்க வேண்டியிருந்தது. லாகை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தேன், எதற்கென்று தெரியவில்லை, எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தது. பிறகு சர்வீஸை நிறுத்தச் சொல்லி ஒரு வரி, மெஷின் எழுந்தாலும் இது எழக் கூடாது என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் அது மறுப்பு சொல்லவில்லை, ஜோசிமா சொன்னால் கேட்கும். திரையில் விநாடி ஓடியது, முப்பது வந்தது, போனது. சத்தமில்லை. மறுபடி முப்பது. சத்தமில்லை. எனக்குத்தான் அந்த நிசப்தம் தாங்கவில்லை, ஏதோ ஒன்றைக் கொன்றுவிட்டதுபோல, காது அதைத் தேடிக்கொண்டே இருந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம். அப்போது இருமல் கேட்டது, செருப்புத் தேயும் சத்தம், அத்தை தண்ணீர்ச் செம்போடு வந்து பத்தடியில் நின்றார்கள். என்னையும் லேப்டாப்பையும் பார்த்துவிட்டு, போகவா நிற்கவா என்று தெரியாமல், "பிள்ள தூங்கிட்டாளா?" என்றார்கள்.

அத்தையை என் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை அந்த நிலைப்படியைத் தாண்டுகிறார்கள், தாண்டும்போதும் இருமினார்கள். முயல் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இருட்டில், எஸ்தெலின் கால்மாட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து. மைக் இருக்கிறது, நான் பேசினதெல்லாம் இதன் வழியாகத்தான் போயிருக்கிறது, என்றேன். "கேமராதான வச்சிருக்கான்?" "கேமரா ஹால்ல அத்தை. இது வேற." அத்தை செம்பை மடியில் வைத்துக்கொண்டார்கள். "அப்ப நீ என்னைய ஒட்டுக் கேட்டேன்னு சொன்னது." "தப்பு. நான் சொன்னது தப்பு அத்தை." மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போய் அழுகைதான் வந்தது, அத்தை என் தலையைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, அதற்கு எனக்கு உரிமையில்லை என்று நானும் இருந்தேன். பிறகு, வேறு யாருக்காகவோ கேட்பதுபோல, "என் ரூம்ல இருக்கா?" என்றார்கள். ஹாலுக்குப் போய் லாகின் மேல்பக்கத்தைப் பார்த்தேன், முன்பு நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. இருந்தது. சாயங்காலம் மெஷின் எழுந்த உடனே ஒரே ஒரு தடவை, மற்றவற்றுக்கு முன்னால், பிறகு அது முயலவில்லை. அந்த இடத்துக்கு அவர் வைத்திருந்த பெயர், அம்மா. திரும்பி வந்து, "இருக்கு" என்றேன். "எங்கன?" "கிறிஸ்துமசுக்கு வந்தப்ப உங்க ரூம்ல புதுசா எதுவும் மாட்டுனாரா?" அத்தை யோசிக்கவே இல்லை. "சேசு படத்துக்குக் கீழ செவப்பு லைட்டு."

கதவிடுக்கு வழியாக ஹாலைப் பார்த்தோம். அத்தை அறையின் வாசலில் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே கிடந்தது. "அங்கன முட்டி போட்டுத்தான் செபம் சொல்லுவேன். வாய்விட்டுத்தான சொல்லுவேன், எனக்கு மனசுக்குள்ள சொல்ல வராது" என்றார்கள் அத்தை. "அவனுக்காவத்தான். கடல்ல போற பிள்ள, மனசுல சந்தேகம் ஜாஸ்தி, பொண்டாட்டி பிள்ளய நம்பி வாழுற புத்தியக் குடும் ஆண்டவரேன்னு. தெனம் ராத்திரி." செம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்கள். "அதையுமா கேட்டிருப்பான்." "கேட்டுட்டும் இப்படித்தான் இருந்தானா" என்றார்கள், அது கேள்விபோல இல்லை. அந்த இருட்டில் அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, நல்லவேளை. எனக்குப் போனது ஒரு புருஷன்மேல் இருந்த ஏதோ ஒன்று, கல்யாணமாகி இரண்டரை வருஷப் பழக்கம். அவர்களுக்கு ஒரு மகன்மேல் இருந்தது, முப்பத்திரண்டு வருஷம். ஹாலில் போன் அடிக்கத் தொடங்கியது, மெசேஜ் இல்லை, அழைப்பு. என் கால்கள் எழுந்துவிட்டன.

"உக்காரு பிள்ள." "எடுக்கலன்னா அத்தை." "எடுக்கலன்னா என்ன செய்வான், கப்பல விட்டுட்டு நீந்தியா வரப் போறான்." போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்கள், சாத்திவிட்டு மேலே தாழ்ப்பாளைத் தடவினார்கள். இந்த அறைத் தாழ்ப்பாளை நான் போட்டதே கிடையாது. கைப்பிள்ள இருக்கிற ரூமுக்குத் தாழ் போடக் கூடாது என்று அவர் சொன்னது, எங்களுக்குக் கைப்பிள்ளை வருவதற்கு ஒரு வருஷம் முன்னால். கல்யாணத்துக்கு அடித்த பெயிண்ட் அதை அப்படியே கதவோடு ஒட்டிப் பிடித்திருந்தது. அத்தை உள்ளங்கையால் தள்ளினார்கள், நகரவில்லை. செம்பின் அடியால் ஒரு தட்டு தட்டினார்கள், எஸ்தெல் சிணுங்கினாள், தட்டுவதை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி தள்ளினார்கள். நான் போய் அவர்கள் கைமேல் என் கையை வைத்தேன். எலும்பும் நரம்புமான கை, மெலிதாக மீன் வாடை. போன் மூன்றாவது தடவை அடித்தது, இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே தள்ளினோம், பெயிண்ட் செதில் செதிலாக எங்கள் மணிக்கட்டில் உதிர்ந்தது, பிறகு இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முழுவதுமாக உள்ளே போய் உட்கார்ந்தது.